பத்தரை மணிச் சாவி: ஒரு வரவேற்பு மேசை இரவு பாடமான விதம்

ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக நான் எழுதிய முதல் பாடம் ஒரே ஓர் இரவைப் பற்றியது. அதை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்று முறையும் தவறான மணி நேரத்தைப் பற்றியே எழுதியிருந்தேன். அதைக் கண்டுபிடித்தது நானல்ல, பயிற்சிக்கு வந்து மூன்றாவது வாரத்தில் இருந்த ஒருவர். அந்த இரவில் நடந்ததையும், அதை எழுதப்போய் எனக்குத் தெரியவந்ததையும் சேர்த்தே இங்கே பதிவு செய்கிறேன். மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எழுத உட்காரும்போது எங்கே சறுக்கும் என்பதும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

பின்னணி

வரவேற்பு மேசையில் 11 ஆண்டுகள் நின்றேன். அதில் பாதிக்குமேல் இரவு ஷிப்ட். பிறகு புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு வந்தது. கையில் கொடுத்த பயிற்சிக் குறிப்பில், அறை இல்லாத நிலையைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டு மாற்று ஏற்பாடு செய்யவும்." வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் இரவில் அந்த ஒரு வரியைச் செய்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டும் என்பதுதான் தொடக்கம்.

வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறை இன்றிரவு காலியாகக் கிடந்தால், அந்த இரவை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. முன்பதிவு செய்தவர்களில் சிலர் வருவதே இல்லை. அவர்களை 'நோ-ஷோ' என்போம். அதனால் பல ஹோட்டல்கள் தங்கள் பழைய கணக்கைப் பார்த்து, இருக்கும் அறைகளைவிடச் சற்று அதிகமாகவே முன்பதிவு ஏற்கின்றன. இதுதான் ஓவர்புக்கிங். பெரும்பாலான இரவுகளில் கணக்கு நேராகிவிடும். தப்பும் இரவில், முன்பதிவு உள்ள ஒருவரையே வேறு ஹோட்டலுக்கு அனுப்ப நேரும். எங்கள் பேச்சில் அது 'கெஸ்ட்டை வாக் பண்ணுவது'. அப்படி அனுப்பினால், அதே தரத்திலோ அதற்கு மேலோ ஓர் அறை பிடித்து, அந்த இரவின் கட்டணத்தையும் போக்குவரத்தையும் நாமே ஏற்பது துறையின் வழக்கம்.

இரண்டாவது, முன்பதிவில் உள்ள இரு வகை. கார்டு விவரமோ முன்பணமோ கொடுத்து உத்தரவாதம் செய்தது ஒன்று. அந்த விருந்தினர் எத்தனை மணிக்கு வந்தாலும் அறை அவருடையது. வராவிட்டாலும் அந்த இரவின் கட்டணத்தை ஹோட்டல் எடுத்துக்கொள்ளும். உத்தரவாதம் இல்லாதது மற்றொன்று. அதை மாலை 6 மணி வரை வைத்திருந்து பிறகு விடுவிப்பது பரவலான பழக்கம். இந்த 6 மணி மறுபடியும் வரும்.

அன்றிரவு

மொத்தம் 84 அறைகள். ஏற்றிருந்த முன்பதிவு 87. மூன்று பேர் வரமாட்டார்கள் என்பது கணக்கு. மாலையில் ஓர் அறையின் குளியலறைக் குழாய் உடைந்து, தரைவிரிப்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. அந்த அறையை 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று குறித்தார்கள். மிச்சம் 83.

இரவு 9 மணிக்கு நான் பொறுப்பேற்றபோது 79 அறைகளில் ஆள் இருந்தார்கள். காலி 4. வர வேண்டியவர்கள் 8 பேர்.

நள்ளிரவு தாண்டி 1.20க்கு ஒருவர் வந்தார். ஒரு தோளில் பை, மறு தோளில் தூங்கும் குழந்தை. உத்தரவாதம் செய்த முன்பதிவு. விமானம் தாமதம். கொடுக்க என்னிடம் அறை இல்லை.

அவர் கத்தவில்லை. ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "லேட்டா வருவேன்னு எழுதியிருந்தேனே."

நான் மேசையைச் சுற்றி வெளியே வந்து, சோபாவில் குழந்தையைக் கிடத்த உதவினேன். தண்ணீர் கொடுத்தேன். அறை இல்லை, தவறு எங்களுடையது என்று சொன்னேன். பக்கத்து ஹோட்டல்களுக்குப் போன் அடித்தேன். மூன்றாவதில் அறை கிடைத்தது. கார் வரவழைத்து, நானே பையைத் தூக்கி வைத்து அனுப்பியபோது மணி 2.05.

மூன்று வரைவுகள்

முதல் வரைவை ஒரே இரவில் எழுதினேன். படித்த சக ஊழியர்கள் பாராட்டினார்கள். இப்போது எடுத்துப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. குழந்தை, மழை, என் பொறுமை, கடைசியில் அவர் கைகுலுக்கிச் சென்றது என எல்லாம் இருந்தது. பயிற்சிக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து, என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். "நீங்க நல்லா சமாளிச்சிருக்கீங்க சார்" என்றார். அவர் தெரிந்துகொண்டது என்னைப் பற்றி. நாளைக்கு அந்த மேசையில் நிற்கப் போகிறவர் அவர்.

ஜான் ஃப்ளானகன் என்ற உளவியலாளர் 1954இல் ஒரு முறையை விரிவாக எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் உளவியல் ஆய்வுகளில் வளர்ந்த முறை அது. ஒருவரைப் பற்றிய அபிப்பிராயங்களைச் சேர்க்காமல், 'இந்தச் சூழலில் இவர் இதைச் செய்தார், அதனால் இது நேர்ந்தது' என்ற அளவில் நிகழ்வுகளைச் சேர்ப்பது அதன் அடிப்படை. இந்த அளவுகோலை வைத்து என் முதல் வரைவைச் சலித்தேன். 'பொறுமையாக', 'கனிவோடு', 'நெகிழ்ந்து' எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது அரைப் பக்கம்.

இரண்டாவது வரைவில் மறு கோடிக்குப் போனேன். அந்த அரைப் பக்கத்தை விதிகளாக உடைத்தேன், மொத்தம் 14 விதிகள். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வரி 14 வரியாக நீண்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது வரைவில் உரையாடலை அப்படியே எழுதினேன். இதில்தான் முதன்முதலாகப் பாடம் சொல்லும் பொருள் கிடைத்தது, அதுவும் நான் எதிர்பார்க்காத இடத்தில். பயிற்சிக்கு வந்தவர்கள் இருவர் இருவராக நடித்துப் பார்த்தார்கள். நான் எழுதியிருந்த சொற்களை ஓர் எழுத்து மாறாமல் சொன்னார்கள். ஆனாலும் விருந்தினராக நடித்தவருக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டபோது ஒரு பெண் சொன்னார்: "சார், நான் குழந்தையைத் தூக்கிட்டு நிக்கிறேன். அவங்க மேசைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுப் பேசிட்டே இருக்காங்க."

அன்று நான் முதலில் செய்தது குழந்தையை இறக்கிவைக்க இடம் பார்த்தது. சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு. பாரம் சுமந்து நிற்பவர் காதில் விளக்கம் ஏறாது என்பது என் கைகளுக்குத் தெரிந்திருந்தது. எழுதும்போது எனக்கு நினைவில்லை. அது எனக்கு வேலையாகவே தோன்றியதில்லை. அனுபவசாலிகள் எழுதுவதில் அடிக்கடி காணாமல் போவது இப்படிப்பட்டவைதான்: யோசிக்காமலே செய்துவிடுகிறவை. அவற்றை மீட்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, எழுதியதைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து அப்படியே செய்யச் சொல்வது. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நாம் எதையோ விட்டிருக்கிறோம்.

உண்மையைச் சொல்லும் வரிசையையும் அப்போதுதான் கவனித்தேன். "சற்று நேரம் கொடுங்கள், பார்க்கிறேன்" என்று இழுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து இல்லை என்பது மிக மோசம். உட்காரவைத்த உடனே "உங்கள் அறை இப்போது என்னிடம் இல்லை. தவறு எங்களுடையது. இன்றிரவு நீங்கள் தூங்க ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன்" என்று சொல்லிவிட வேண்டும். மூன்று வாக்கியங்கள். நடுவில் இருப்பதைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது வரைவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வகுப்பில் வந்த கேள்வி

அதே குழுவில் அதிகம் பேசாத ஒருவர், மூன்றாவது வாரத்தில் இருந்தவர், கையைத் தூக்கினார். "சார், ஒன்பது மணிக்கு நாலு ரூம் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த நாலும் யாருக்குப் போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ முறை சொன்ன கதை அது. எல்லா முறையும் 1.20இல்தான் தொடங்கியிருக்கிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் சொந்த நோட்டில் நேரமும் ஒரு வரிக் குறிப்பும் எழுதுவேன். பெயரோ அறை எண்ணோ எழுதமாட்டேன். அன்றிரவின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 9.40, ஒருவர். 10.30, ஒருவர். 11.15, ஒருவர். 12.10, ஒருவர். 10.30க்கு எதிரே இரண்டே சொற்கள்: "உத்தரவாதம் இல்லை."

மாலை 6 மணியோடு முடிந்துபோன ஒரு முன்பதிவுக்கு, நாலரை மணி நேரம் கழித்து நான் சாவி கொடுத்திருந்தேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9 மணிக்கு வர வேண்டியிருந்த 8 பேரில் 6 பேர் உத்தரவாதம் செய்தவர்கள், 2 பேர் செய்யாதவர்கள். கடைசியில் வராமல் போனது 3 பேர்: உத்தரவாதம் செய்தவர்களில் இருவர், செய்யாதவர்களில் ஒருவர். ஆக உத்தரவாதத்தோடு வந்தவர்கள் சரியாக 4 பேர். இருந்த அறைகளும் 4. பத்தரை மணிக்கு ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால், 1.20க்கு வந்தவருக்கு அறை இருந்திருக்கும்.

ஏன் கொடுத்தேன்

இந்தப் பகுதியை எழுத எனக்கு அதிக நாள் பிடித்தது.

முதல் காரணம் எளிது. அவர் எதிரே நின்றார், களைத்திருந்தார், கையில் பை இருந்தது. மற்றவர்கள் திரையில் பெயர்களாக இருந்தார்கள். எதிரே நிற்பவருக்கு உதவுவதே என் வேலை என்று 11 ஆண்டுகள் பழகிய உடம்பு, கண்ணில் படாதவருக்குக் கொடுத்த வாக்கை மறந்துவிட்டது. இது தீய குணமல்ல. நல்ல வரவேற்பாளரிடம்தான் இந்தப் பிழை நேரும் என்பது என் கணிப்பு. கல்லான ஒருவர் மறுத்திருப்பார்.

இரண்டாவது, கணக்குப் பிழை. "எப்படியும் மூன்று பேர் வரமாட்டார்கள்" என்று அன்று மனதுக்குள் நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த மூன்று பேரை ஏற்கெனவே செலவழித்தாயிற்று. 84 அறைக்கு 87 ஏற்றபோதே அவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். குழாய் உடைந்த அறைக்கு ஈடாக யாரும் இல்லை. 8 பேரில் 3 பேர் வராவிட்டாலும் வருவது 5 பேர், அறை 4. இந்தக் கழித்தலை 9 மணிக்கே போட்டிருந்தால், ஒருவர் வெளியே போகத்தான் போகிறார் என்பது தெரிந்திருக்கும். அது யார் என்பதை மட்டுமே நான் தீர்மானிக்க முடிந்தது. தீர்மானிக்கிறோம் என்று தெரியாமலே தீர்மானித்தேன்.

மூன்றாவது காரணம் மேசையில் இல்லை, மேசைக்குப் பின்னால் இருந்தது. சேவை வடிவமைப்பைப் பற்றி எழுதிய லின் ஷோஸ்டாக் 1984இல் சேவையை ஒரு வரைபடமாகப் போடும் முறையை எழுதினார். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் வேலை, மறுபக்கம் தெரியாத வேலை. அன்றிரவை அப்படி வரைந்து பார்த்தேன். "லேட்டா வருவேன்" என்று அவர் எழுதியது முன்பதிவில் இருந்தது. பிற்பகல் ஷிப்டில் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் ஷிப்ட் மாறும்போது எழுதும் லாக் புக்கில் அது வரவில்லை. குழாய் உடைந்ததைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. விருந்தினர் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் சரியாக இந்த இடத்தைத்தான் சுட்டியது. முதல் வரைவில் அதையே என் பொறுமைக்குச் சான்றாக எழுதியிருக்கிறேன்.

மேரி ஜோ பிட்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990இல் விமானம், ஹோட்டல், உணவகம் ஆகிய மூன்று துறைகளில் வாடிக்கையாளர்கள் சொன்ன சுமார் 700 நிகழ்வுகளை வகைப்படுத்தினார்கள். 1994இல் அதே வேலையை ஊழியர்கள் சொன்ன 774 நிகழ்வுகளை வைத்துச் செய்தபோது, முன்பு இல்லாத ஒரு வகை தோன்றியது: சிக்கல் தரும் வாடிக்கையாளர்கள். ஊழியர் எழுதுவது ஏன் தேவை என்பதற்கு நான் இதைத்தான் காட்டுவேன். அவருக்கு மட்டுமே தெரியும் பக்கம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து எழுதும்போது, சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததாகவே கதை அமைந்துவிடுகிறது. என் கதையிலும் 1.20 மணி என்பது விமானம் தாமதமானதால் வந்த சிக்கலாகத்தான் நெடுநாள் இருந்தது.

நான்காவது வரைவு

பாடத்தை மூன்று தனித் தாள்களாகப் பிரித்தேன். முதல் தாள் இரவு 9 மணி: அறைகள், முன்பதிவுகள், உடைந்த குழாய், லாக் புக்கின் பக்கம். கேள்வி: "இப்போது என்ன செய்வீர்கள்?" இரண்டாவது தாள் 10.30. எதிரே ஒருவர் நிற்கிறார். காலி அறை 3. வர வேண்டியவர்கள் அவரோடு சேர்த்து 7. கேள்வி: "சாவியைக் கொடுப்பீர்களா?" மூன்றாவது தாள் 1.20. ஒரு தாளுக்கு எழுத்தில் பதில் சொன்ன பிறகே அடுத்தது கைக்கு வரும்.

முடிவை மறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முடிவு தெரிந்துவிட்டால், அது முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றாகவே தோன்றும் என்பதை உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனைகளால் காட்டினார். அதை என் வகுப்பிலேயே பார்த்தேன். ஒரு குழுவுக்கு முழுக் கதையையும் முதலிலேயே சொல்லியிருந்தேன். பத்தரை மணி ஆளுக்குச் சாவி கொடுத்தது எப்படிப்பட்ட தவறு என்று எல்லாரும் வரிசையாகச் சொன்னார்கள். அடுத்த குழுவுக்குத் தாள்களாகக் கொடுத்தேன். பெரும்பாலோர் சாவியைக் கொடுத்தார்கள். மூன்றாவது தாளைத் திருப்பியதும் அறை அமைதியானது. பிறகு யாரும் கேட்காமலே முதல் தாளுக்குத் திரும்பி, கழித்தல் போடத் தொடங்கினார்கள். ஒருவர் தாளின் ஓரத்தில் "8 − 3 = 5" என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். பயிற்சி தரும் எனக்கு அந்த வட்டம் போதும்.

9 மணித் தாளுக்கு வந்த பதில்களில் ஒன்று நான் அன்று செய்ததைவிடச் சிறப்பானது. பக்கத்து ஹோட்டல்களில் அறை இருக்கிறதா என்று 9 மணிக்கே கேட்டு வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் முக்கால் மணி பிடித்த வேலை, அந்த நேரத்தில் ஐந்து நிமிடம். இதைப் பாடத்தின் கையேட்டில் சேர்த்துவிட்டேன்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

விருந்தினரை யாரும் அடையாளம் காணக்கூடாது. அவர் தன் இரவைப் பாடமாக்க எனக்கு அனுமதி தந்தவர் அல்லர். ஆகவே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், இந்தப் பதிவிலும்தான். எதை மாற்றலாம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவு ஒன்றே: தீர்மானத்தைப் பாதிக்காதது எதுவோ அது. வயது, பயணக் காரணம், ஊர், ஆண்டு ஆகியவை போகலாம். நேர வரிசை, அறை எண்ணிக்கை, எந்த மணியில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பவை மாறினால் பாடமே பொய்யாகிவிடும். லாக் புக்கில் எழுத மறந்த சக ஊழியரையும் 'பிற்பகல் ஷிப்ட்' என்றே விட்டிருக்கிறேன். குழாய் உடைந்து தண்ணீர் ஓடும் மாலையில் அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் குழாயைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள்.

நோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத நினைக்கும் ஊழியர்கள் வேலையிடத்துப் பதிவுகளைப் படமெடுத்துக்கொண்டு வரக்கூடாது. அது விருந்தினரின் சொந்த விவரம். பெயரில்லாமல், நேரமும் ஒரு வரியும் போதும். என் பாடத்தைக் காப்பாற்றியதே அப்படிப்பட்ட இரண்டு சொற்கள்தான்.

இன்னும் முடியாத தாள்

அண்மைக் குழு ஒன்றில் ஒருவர் சாவி கொடுக்க மறுத்துவிட்டு, தாளின் கீழே இப்படி எழுதினார்: "பத்தரை மணிக்கு வந்தவர் என்ன தப்பு செய்தார்? அவரும் போன் செய்து புக் பண்ணியவர்தானே. ஆறு மணி வரைக்கும்தான் அறை இருக்கும் என்று அவரிடம் யாராவது சொன்னோமா?"

அன்றைய வழக்கத்தை நினைத்துப் பார்த்தேன். போனில் பேர், தேதி, எத்தனை பேர் என்று கேட்போம். கார்டு விவரம் தர முடியுமா என்று கேட்போம். அவர் தராவிட்டால் "பரவாயில்லை சார், வாங்க" என்று சொல்லி வைத்துவிடுவோம். 6 மணி என்ற சொல் அந்தப் பேச்சில் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. அந்த விதி எங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஆகவே 9 மணிக்கும் முன்னால் இன்னொரு தாள் வேண்டியிருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அது இப்படித் தொடங்குகிறது:

"ஆறு நாட்களுக்கு முன், காலை 11 மணி. தொலைபேசி ஒலிக்கிறது. ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஓர் அறை வேண்டும். கார்டு விவரம் தர அவருக்கு விருப்பமில்லை. மேசையில் உங்கள் எதிரே இரண்டு பேர் செக்-அவுட்டுக்குக் காத்து நிற்கிறார்கள். போனில் இருப்பவரிடம் என்ன சொல்லிவிட்டு வைப்பீர்கள்?"